மறைமலைநகர் வேலையும் மதுரை வீடும்

எங்கள் கம்பெனி, சென்னைக்குத் தெற்கே இருக்கும் மறைமலைநகரில் புதிதாக ஒரு யூனிட் தொடங்குகிறது. அதன் தரப் பிரிவுக்கு மேலாளராகப் போக முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். இப்போது மதுரை யூனிட்டில் அதே பிரிவில் உதவி மேலாளராக இருக்கிறேன். பதில் சொல்ல ஒரு மாதம் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் நானும் என் வீட்டுக்காரரும் பேசியது மாதிரி, கல்யாணமான நாளில் இருந்து வேறு எதற்காகவும் உட்கார்ந்து பேசியதில்லை. வீடு கட்டியபோதுகூட இவ்வளவு பேசவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. வெளியூரில் வேலை கிடைத்தால் ஆண்களுக்கு யோசனை சொல்லத் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எங்கே தங்கலாம், எந்த ரயிலில் வரலாம், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளையும் மாமியாரும் இருக்கிற வீட்டில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு வேலை வந்தால் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் இரண்டே பதில். ஒன்று, "வேண்டாம்னு சொல்லிரு." இன்னொன்று, "குடும்பத்தோட கிளம்பிரு." எங்களுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. நாங்கள் எப்படி யோசித்தோம் என்பதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

வண்டிகளுக்கான ரப்பர் உதிரிபாகங்கள் செய்கிறோம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், ஓ-ரிங், புஷ், ஹோஸ் இப்படி. கலவையில் கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் கொஞ்சம் கூடினாலும், அச்சில் வைத்து வேகவைக்கும் சூடும் நேரமும் மாறினாலும், ரப்பரின் குணம் மாறிவிடும். "ஷோர் ஏ" அளவில் 70 கடினத்தன்மை கேட்டவருக்கு, ஐந்து கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, 76 போனால் அந்த லாட்டை அனுப்ப முடியாது. அது ஏன் 76 ஆனது என்று அச்சு, அடுப்பு, கலவை, வந்த மூட்டை என்று பின்னாலேயே போய்ப் பிடிப்பதுதான் என் வேலை. டிப்ளமோ முடித்து டிரெயினியாகச் சேர்ந்ததில் இருந்து இதைத்தான் செய்கிறேன். பிடித்துச் செய்கிறேன்.

எங்கள் சரக்கு முக்கால்வாசி போய்ச் சேருவது சென்னையைச் சுற்றி வண்டித் தொழிற்சாலைகள் இருக்கிற ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, மகேந்திரா சிட்டி பக்கம்தான். அங்கே ஒரு பெட்டியில் குறை என்று போன் வந்தால், அன்று ராத்திரியே மதுரையில் பஸ் ஏறி, காலையில் அவர்கள் ஸ்டோரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீலாகப் பிரித்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அதற்காகத்தான் பக்கத்திலேயே ஒரு யூனிட். ஆய்வகத்தை முதல் கருவியில் இருந்து நான் அமைக்கலாம் என்றார்கள். ஆட்களையும் நானே எடுக்கலாம். மதுரையில் எனக்கு மேலே இருப்பவர் ஓய்வு பெறப் பல வருடம் இருக்கிறது. நல்ல மனிதர், எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். ஆனால் அவர் நாற்காலி காலியாகும்போது எனக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள். "அவர் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று என் அண்ணனே கேட்டான். அரசுப் பள்ளியாக இருந்தால் பொது மாறுதல் கலந்தாய்வு இருக்கிறது, மனமொத்த மாறுதல் இருக்கிறது. உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசு கொடுத்தாலும் ஆளை நியமிப்பது நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கு வேறு ஊரில் பள்ளி இருந்தால் அங்கே மாற்றலாம். இவர் பள்ளியை நடத்தும் சங்கத்துக்கு இருப்பது அந்த ஒரே பள்ளி. ஆக, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இவர் வரவேண்டும் என்றால் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

அவர் அதற்கும் தயாராக இருந்தார். நான் விஷயத்தைச் சொன்ன வாரத்திலேயே, "நான் விட்டுட்டு வர்றேன். தமிழ் வாத்தியாருக்கு அங்க பள்ளிக்கூடமா இல்ல?" என்றார். மனதாரத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் தனியார் பள்ளியில் தமிழாசிரியருக்கு என்ன கொடுப்பார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். கூடப் படித்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். இவர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. பணத்தை விடுங்கள். அந்தப் பள்ளியில் இவர் கட்டி வளர்த்த நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி இருக்கிறது. மேடை என்றாலே நடுங்கிய பையன்கள் மாவட்டப் போட்டிக்குப் போய் வந்திருக்கிறார்கள். அதை நான் என் பதவிக்காக நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

"வேண்டாங்க. நான் இல்லைன்னு சொல்லிடறேன். உங்க வேலை போனா திரும்ப வராது" என்றேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் குடும்பங்களில் இப்படித்தான் முடியும். என் அம்மா, என் சித்திகள், என் நாத்தனார், எல்லோருக்கும் இப்படித்தான் முடிந்தது.

அவர் விடவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "என் வேலை போனா திரும்ப வராதுன்னு சொல்ற, சரி. உனக்கு வந்திருக்கறது மட்டும் திரும்ப வருமா?"

இந்த ஒரு கேள்விதான் எங்கள் பேச்சின் போக்கையே மாற்றியது. அதுவரைக்கும் மதுரையா மறைமலைநகரா என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம், எது போனால் திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்க்க ஆரம்பித்தோம். அவர் வேலை கிடைக்காது. என் பதவி கிடைப்பது சந்தேகம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழுபத்து மூன்று வயது. இந்த வயதில் அவரைத் தெருவையும் அக்கம்பக்கத்தையும் விட்டுப் பெயர்த்தால் அதைத் திரும்பக் கட்ட முடியாது. பாப்பாவுக்கு வரும் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு, அதற்கடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடத்தில் பள்ளியை மாற்ற யாரும் துணிய மாட்டார்கள். ஆக, மாற்றினால் இந்த ஜூன், இல்லையென்றால் பத்தாவது முடிந்த பிறகு. இத்தனையையும் வைத்துப் பார்த்தால், கொஞ்ச காலத்துக்கு விட்டுக்கொடுக்கக்கூடியது ஒன்றுதான் மிஞ்சியது: நாலு பேரும் ஒரே கூரையில் இருப்பது.

அதுவும் லேசில்லை. பதின்மூன்று வயது மகளோடு இருக்கவேண்டிய வருடங்கள் அவை. அந்த வருடங்களும் திரும்ப வராதவைதான். இதை நான் எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், போய் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று இருவரும் கிளம்பினோம். நேரில் பார்க்காமல் இந்த மாதிரி முடிவை யாரும் எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். ஊரைப் பற்றி எங்களுக்கு இருந்த எண்ணமெல்லாம் அங்கே மாறியது.

தாம்பரம் பக்கம் முதலில் பார்த்தோம். 2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். கடைகள், மருத்துவமனைகள் எதற்கும் குறைவில்லை. மேற்கே முடிச்சூரில் ஒரு தனி வீடு, வாடகை எங்கள் கைக்கு அடக்கம். முன்னால் வேப்பமரம், துவைக்கும் கல், காற்று எல்லாம் இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. வெளியே வரும்போது எதிர்வீட்டு அம்மா எங்களைக் கூப்பிட்டார். "2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டு ஜன்னலின் மேல் விளிம்பைக் காட்டினார். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு அடையாறு அந்த வழியாகத்தான் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் நாங்களும் பார்த்தோம். அந்தத் தெருவில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. புரோக்கர் வாயே திறக்கவில்லை. அந்த அம்மா சொல்லியிருக்காவிட்டால் அன்றே அட்வான்ஸ் கொடுத்திருப்போம். புறநகரில் வீடு பார்ப்பவர்கள் புரோக்கரிடம் கேட்பதை எதிர்வீட்டிலும் ஒரு தடவை கேளுங்கள்.

அப்புறம் செங்கல்பட்டு. 2019-ல் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ரயில் நிலையத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி, நெரிசல் குறைவு. பார்த்தவுடன் திண்டுக்கல் மாதிரி ஒரு நிதானம். இவருக்கு அந்த ஊர்தான் பிடித்தது. நான் தனியாக இருக்கப்போவதால் யோசித்தேன். ஷிப்டு முடிந்து இரவு ஒன்பதரைக்குச் செங்கல்பட்டில் இறங்கி, நாங்கள் பார்த்த வீட்டுக்குப் போகும் தெருவில் நடக்க எனக்கு மனம் வரவில்லை. இருட்டு, கடைகளும் இல்லை.

கடைசியில் மனம் நின்றது கூடுவாஞ்சேரியில். ரயிலில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், அடுத்தது மறைமலைநகர். டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் ஒரு சின்ன வீடு. ராத்திரி பத்து மணி வரைக்கும் கடைகள் திறந்திருக்கும் தெரு. போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன் வாங்கவேண்டும். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார், ஓய்வு பெற்ற நர்ஸ். "நீங்க மட்டுமா இருக்கப் போறீங்க?" என்று அவர் கேட்டபோது நான் தயங்கினேன். "ஆமாம்மா, நாங்க லீவுல எல்லாம் வருவோம்" என்று இவர்தான் பதில் சொன்னார். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமான பெண் தனியாகத் தங்க வீடு கேட்டபோது மற்ற இடங்களில் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

வாடகை 12,500. அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டார். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென்று 2017-ல் கொண்டுவந்த சட்டம் 2019-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் கட்டாயம். சட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடவில்லை, மரியாதையாக எடுத்துச் சொன்னேன். நாலு மாதத்துக்கு இறங்கி வந்தார். ஒப்பந்தம் என் பேரில்தான். சொல்லப்போனால் என் பேரை மட்டும் போட்டு நான் கையெழுத்துப் போட்ட முதல் வீடு அது.

அந்தப் பக்கத்தைச் சுற்றியபோது இன்னொன்று தெரிந்தது. டீக்கடைக்காரர் விருதுநகர். மளிகைக் கடை திசையன்விளைக்காரருடையது. வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்த ஊர் பரமக்குடி. தென் மாவட்டத்துக்காரர்கள் ஏன் இந்தப் பக்கமே வந்து சேர்கிறார்கள் என்பதற்கு ஜிஎஸ்டி ரோடு என்கிற நெடுஞ்சாலையும் ரயில் பாதையும்தான் பதில். சென்னையில் இருந்து தெற்கே போகும் பஸ்ஸும் ரயிலும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகின்றன. வைகை, பாண்டியன் எல்லாம் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்த பிறகு, தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்புகின்றன. கோயம்பேட்டுக்குப் பழகிய நகரத்துக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை, அவர்கள் வருத்தம் நியாயம். கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கோ மதுரை பஸ் பக்கத்து ஊரில் இருந்து கிளம்புகிறது. சனிக்கிழமை வேலை முடித்து ஏறினால் ஞாயிறு விடியலில் மாட்டுத்தாவணி. சென்னைக்குள் வேலை என்றால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

வரும்போது இவருக்கு ஒரு ஆசை. ஊர் மறைமலை அடிகள் பேரில் இருக்கிறது, அடிகள் பல வருடம் வாழ்ந்த பல்லாவரம் அதே ரயில் பாதையில் இருக்கிறது, ஒரு நாள் பையன்களை அழைத்துக்கொண்டு வரலாம் என்றார். அவர் அப்படி ஒரு திட்டம் போட ஆரம்பித்ததும்தான், இந்த ஊர் அவருக்குள்ளும் கொஞ்சம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய விஷயமாகவே இல்லை. புதிய சம்பளத்தில் கைக்கு வருவது இப்போதையதைவிட ஏறக்குறைய 18,000 கூட. வாடகை, கரண்ட், தண்ணீர் கேன், கேஸ், ஊருக்கு வந்து போகும் செலவு, இங்கே வீட்டில் உதவிக்கு வைக்கப்போகும் அக்காவுக்குச் சம்பளம், எல்லாம் போட்டால் அந்த 18,000 முழுசும் போய், மேலே கொஞ்சம் இழுக்கும். இரட்டைக் குடித்தனம் என்றால் அப்படித்தான். முதல் இரண்டு வருடம் காசு மிஞ்சாது என்பதைத் தெரிந்துகொண்டேதான் போகிறேன். சம்பளத்துக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள் என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னாலும் புரியப்போவதில்லை.

காசைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. மறைமலைநகர் என்றால் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஃபோர்டு ஞாபகம் வராமல் இருக்காது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் அங்கே கடைசி காரும் வெளியே வந்துவிட்டது. உள்ளே வேலை பார்த்தவர்களோடு, அதற்குப் பொருள் கொடுத்த எத்தனையோ சின்னக் கம்பெனிகளும் தடுமாறின. 2024-ல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணத்தை அவர்களே தெரிவித்தார்கள் என்றாலும், ஒரு தடவை பார்த்தது மனதில் இருக்கிறது. இதோடு மின்சார வண்டி. எஞ்சின் இல்லாத வண்டிக்கு எஞ்சின் ஆயில் சீல் எதற்கு? பேட்டரியைக் குளிர்விக்கும் குழாய்க்கும், தண்ணீர் புகாமல் மூடும் விளிம்புக்கும் ரப்பர் வேண்டும்தான். ஆனால் அதற்கான கலவை வேறு, சோதனைகளும் வேறு. புதிய யூனிட்டில் அதைத்தான் செய்யப்போகிறோமா என்று என் மேலதிகாரியிடம் நேராகவே கேட்டேன். ஆமாம், பாதி இயந்திரங்கள் அதற்காகத்தான் என்று ஆர்டர் விவரத்தைக் காட்டினார். மதுரையில் இருந்துகொண்டு பழைய சீலையே சோதித்துக்கொண்டிருப்பது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. தொழில் மாறுகிற இடத்தில் இருப்பதுதான் எனக்கு நல்லது.

பாப்பாவிடம் நாங்கள் கடைசியாகத்தான் பேசினோம். இந்த ஜூனிலேயே அவளை என்னோடு அழைத்துப்போகலாமா என்ற யோசனை அதுவரை என் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூடுவாஞ்சேரியில் இரண்டு பள்ளிகளில் கட்டணமும் விசாரித்து வைத்திருந்தேன். நான் இரவு ஒன்பதரைக்கு வரும் நாட்களில் அவள் மாலை நாலரையில் இருந்து மாடி வீட்டில் தனியாக இருக்கவேண்டும். அதைச் சொல்லாமல், "உனக்கு எங்க இருக்கணும்?" என்று மட்டும் கேட்டோம். "எனக்கு இங்கதான் இருக்கணும். சிலம்பம் மாஸ்டர் இங்கதான் இருக்கார். ஆனா நீ போம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு உடம்பு சரியில்லைன்னா வருவியா?" என்று கேட்டாள். "போன் வெச்ச உடனே பஸ் ஏறிடுவேன்" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, இவர்தான் பேச்சைத் தொடர்ந்தார்.

அத்தை ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வயதில் கல்யாணமாகி வந்து இந்த வீட்டை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல வெளியே இருந்திராதவர். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை "மக்களைத் தேடி மருத்துவம்" ஆட்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவசரம் என்றால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ஆக, மருத்துவம் ஒரு தடையாக இல்லை. சமையல்தான் தலையில் விழும் என்று அவர் பயந்தார். அது நியாயமான பயம். "காலைச் சமையல் நான் பண்றேம்மா. ராத்திரிக்கு ஆள் வர்றாங்க. நீங்க காய் நறுக்கக்கூட வேண்டாம்" என்று அவர் மகன் சொன்னதை முதலில் நம்பவில்லை. அன்றில் இருந்து இவர் தினமும் காலையில் அடுப்படிக்கு வந்துவிடுகிறார். நான் கிளம்பும் முன்பே பழகிக்கொள்ள வேண்டுமாம். சாம்பார், ரசம், இரண்டு பொரியல் வரைக்கும் வந்துவிட்டது. அத்தை இப்போது அவருக்குப் புளி அளவு சொல்லிக் கொடுக்கிறார்.

"கணவனும் மனைவியும் இரண்டு இடத்தில் இருந்தால் குடும்பம் என்னாவது" என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கேட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஆண்களின் வீடுகளை எண்ணினால் விரல் போதாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். அந்த வீடுகளின் மனைவிகள் பிள்ளைகளை வளர்த்து, மாமனார் மாமியாரைப் பார்த்து, வீடும் கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அவர்கள் பட்ட தனிமையும் சின்னதில்லை.

போவது என்று முடிவான பிறகு, எப்படி என்பதை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இவர்தான் பேனாவை எடுத்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு விடுமுறை; அந்த வாரங்களில் வெள்ளி இரவே நான் மதுரைக்குக் கிளம்பிவிடவேண்டும். மற்ற வாரங்களில் முடிந்தால் மட்டும் வந்தால் போதும், உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளுக்கு அவரும் பாப்பாவும் அங்கே வருவார்கள். ஆசிரியர் வேலையின் பெரிய வசதி இது. இதை நாங்கள் முதலிலேயே யோசித்திருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும். தீபாவளி, பொங்கலுக்கு ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைப்பது அவர் பொறுப்பு. பாப்பாவின் பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு தேர்வு முடியும் வரை, கையில் இருக்கும் விடுப்பை எல்லாம் சேர்த்து நான் மதுரையில் இருக்கவேண்டும். தேர்வு முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து மறுபடி யோசிக்கவேண்டும். அதற்கு முன்னால் யாருக்காவது தாங்கவில்லை என்றால் காத்திருக்கத் தேவையில்லை, சொல்லிவிடலாம். இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது பாப்பா.

கம்பெனியிடமும் சில விஷயங்களை எழுத்தில் கேட்டேன். வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் தந்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலத்தில் தொடர்ந்து விடுப்பு எடுக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து மதுரைக்கே இதே பதவியில் திரும்பலாம் என்ற உத்தரவாதம் மட்டும் வரவில்லை. "அப்ப பாத்துக்கலாம்" என்று வாயால் சொல்கிறார்கள். வாய் வார்த்தையை நம்பி இவ்வளவு பெரிய ஏற்பாட்டை வைக்கக் கூடாது என்று இவர் சொல்கிறார், எனக்கும் அதே எண்ணம்தான். நேற்று மனிதவளப் பிரிவுக்கு மறுபடியும் கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த முறை மேலதிகாரிக்கும் ஒரு நகல் போட்டு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் முதல் தேதி வேலையில் சேர்கிறேன். மே மாதக் கடைசியில் பாப்பாவும் இவரும் அத்தையும் கூடவே கூடுவாஞ்சேரிக்கு வருகிறார்கள்; பள்ளி திறக்கும் வரை அங்கேதான் இருப்பார்கள்.